பைக் கடனில் பெண்ணின் கையெழுத்து

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் இளம்பெண்களிடம் சம்பளச் சீட்டும் பிஎஃப் கணக்கும் இருக்கின்றன. அவர்களைக் காதலிக்கிற, அல்லது நிச்சயமாகியிருக்கிற பையன்கள் பலருக்கு அவை இல்லை. அதனால் பைக் கடன் பெண் பெயரில், வண்டி பையன் கையில். "மாசாமாசம் நான் கட்டிடறேன்" என்ற பேச்சு எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. நல்ல மனசோடு தொடங்கிய உறவுகள் இந்தத் தவணையில் சிக்கி முறிவது வேதனையாக இருக்கிறது.

ஷோரூமில் "ஒரு பைசா வட்டிதான்" என்பார்கள், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். 1 லட்சம் கடன், 24 மாதம் என்றால் வட்டி 24,000 ரூபாய், தவணை 5,167. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி கடைசிவரை முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. அசல் குறையக் குறைய 12 சதவீதம் வட்டி போட்டால் தவணை 4,707தான். ஷோரூம் கடனின் உண்மையான வட்டி விகிதம் கேஎஃப்எஸ் என்கிற விவரத் தாளில் இருக்கும். 2024 அக்டோபர் முதல் அதைக் கொடுப்பது கட்டாயம். கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

தவணைத் தேதியையும் கவனியுங்கள். சம்பளம் 7ஆம் தேதி ஏறுகிறது, தவணை 5ஆம் தேதி எடுக்கப்படுகிறது என்றால் கணக்கில் பணமில்லாமல் மாதந்தோறும் தவணை பவுன்ஸ்தான். வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம். கெடுவது பெண்ணின் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண். நாளைக்கு அவர் வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

பலர் நினைத்தே பார்க்காதது ஆர்சி என்கிற வண்டிப் பதிவுச் சான்று. வண்டி யார் பெயரிலோ, விபத்து வழக்கில் அவர்தான் உரிமையாளர். இன்ஷூரன்ஸ் காலாவதியாகி இருந்தால் நஷ்டஈடு அவர் தலையில் விழும். பிரிந்துவிட்டால் வண்டியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். கடனை முடித்து, தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் அடமானப் பதிவை நீக்குங்கள். பிறகு படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றுங்கள். அதுவரை இன்ஷூரன்ஸ் விட்டுப்போகக் கூடாது.

பையன் பெயரிலேயே கடன், முன்பணம் கூடுதல், தவணை சிறிது: இதுதான் எங்கள் யோசனை. "வெறும் ஜாமீன்தானே" என்றும் பெண் கையெழுத்துப் போட வேண்டாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி கடன் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு.

கல்யாணத்துக்குப் பிறகு நகைக்கும் இதே கணக்கு. அடகு ரசீதில் இருக்கும் பெயருக்கு உரியவர் வராமல் பொதுவாக நகை திரும்பாது. பெண்ணின் ஐந்து பவுனைக் குடும்பத் தேவைக்கு வைக்க நேர்ந்தால், அவர் பெயரிலேயே வையுங்கள். ரசீதும் அவரிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வங்கிக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர்கள்,
காட்பாடி.