சொக்லேட் விஸ்கி சவரில் பால் சேர்க்கலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயிர்த்த ஞாயிறும் சித்திரைப் புத்தாண்டும் நெருங்கி வருகின்ற காலத்தில், பத்திரிகைகளின் பண்டிகை இணைப்புகளில் பலகாரக் குறிப்புகளோடு பெரியவர்களுக்கான கொக்டெயில் குறிப்பொன்றும் இடம்பெறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றுள், விஸ்கியும் புளிச்சாறும் சீனியும் சேர்கின்ற சொக்லேட் விஸ்கி சவர் என்னும் பானம் ஏதோவொரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. கொழும்பு ஹோட்டல்களின் பார்களில் 28 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். பால் சொக்லேட்டை உருக்கி ஊற்றுங்கள், கிறீம் கலந்த சொக்லேட் லிக்கரைச் சேருங்கள் என்று அக்குறிப்புகளிற் காணப்படும் பிழையைத் திருத்த வேண்டுமென்றே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று மகளின் வீட்டில் மதிய உணவுக்குக் கூடியிருந்தோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எவரும் அந்த நாளில் ஹோட்டலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் வீட்டில் ஒன்றுசேர்ந்துவிடுகிறோம். மருமகன் ஓர் இணைப்பிலிருந்து வெட்டி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து, அதிற் சொன்னபடியே எல்லாவற்றையும் ஷேக்கரில் இட்டுக் குலுக்கினார். ஊற்றிய கிளாஸின் உட்புறமெங்கும் திரிந்த பாலின் வெண்பொட்டுகள் ஒட்டியிருந்தன. ஷேக்கரைத் திறந்தால், குளிர்ந்த உலோகச் சுவரில் சொக்லேட் மெழுகுபோலப் படிந்திருந்தது. நகத்தாற் சுரண்டியபோது துகள்துகளாக உதிர்ந்தது. எட்டுப் பேருக்கென்று கலந்தது அத்தனையும் வீணாய்ப் போயிற்று. மருமகன் தன் கையில்தான் பிழை என்று வருந்தினார். அவரிடம் ஒரு பிழையும் இல்லை. பிழை குறிப்பில் இருந்தது.

தேசிக்காய்ப் புளி பட்டால் பால் திரியும் என்பது நம் சமையலறைகளில் எல்லோருக்கும் தெரிந்ததே. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் அமிலகார அளவு (pH) 4.6க்கு இறங்கும்போது கட்டியாகிவிடும். தேசிக்காய்ச் சாறோ 3க்கும் கீழே நிற்பது. அடுத்தது கொக்கோக் கொழுப்பு. அது ஏறக்குறைய 34 பாகை செல்சியசில் உருகுவதால்தான் சொக்லேட் வாயிற் போட்டவுடன் கரைகிறது. அதையே ஐஸ்கட்டி நிறைந்த ஷேக்கரில் ஊற்றினால் உடனே உறைந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். இவற்றோடு, சவரின் மேல் நிற்க வேண்டிய முட்டை வெள்ளைக்கருவின் நுரையைக் கொழுப்பு எழும்ப விடாது. முட்டையை அடிக்கும்போது மஞ்சட்கரு ஒரு துளிகூட விழக்கூடாது என்று கேக் செய்கிறவர்கள் பார்ப்பதும் இதே காரணத்தினாலேயே.

விஸ்கி சவர் என்பது அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டிலேயே ஜெரி தோமஸ் என்ற பார்காரர் அச்சில் ஏற்றிய பழைய பானம். விஸ்கி, புளிப்பு, சீனி என்ற மூன்றின் சமநிலையே அதன் உயிர். சர்வதேச பார்காரர் சங்கம் வகுத்துள்ள அளவு, போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி 45 மில்லிலீற்றர், எலுமிச்சைச் (லெமன்) சாறு 25, சீனிப்பாணி 20, விரும்பினால் வெள்ளைக்கரு 20 என்பதாகும். இதில் சொக்லேட்டைச் சேர்க்கிறவர் இந்தச் சமநிலையைக் குலைக்காமற் சேர்க்க வேண்டும். ஆகவே கொக்கோவின் மணமும் கசப்பும் வரவேண்டும். பாலும் கொழுப்பும் வரக்கூடாது. நான் இக்கடிதத்தில் வலியுறுத்த விரும்புவது இது ஒன்றையே.

அதற்கு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கங்களில் கொக்கோ விளைகிறது. புளிக்கவைத்து உலர்த்திய கொக்கோ விதைகள் ஒரு கைப்பிடி கிடைத்தால் போதும். தாச்சியிலிட்டு மெல்லிய நெருப்பில், கை எடுக்காமற் கிளறி, 15 அல்லது 20 நிமிடம் வறுக்க வேண்டும். முதலில் புளிச்ச வாடை ஒன்று எழும்பும். அது அடங்கி, தோல் வெடித்துக் கழன்று, பேக்கரி வாசலில் நிற்பதுபோன்ற வாசம் வரும்போது இறக்கிவிட வேண்டும். ஆறியபின் தோலைப் புடைத்து நீக்கி, உரலில் இட்டு அரைகுறையாக இடிக்க வேண்டும். மாவாக்கினால் வடிகட்டுவது பெரும்பாடு. இப்படி இடித்த கொக்கோ 40 கிராமை 500 மில்லிலீற்றர் விஸ்கியில் போட்டு, போத்தலை மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு முழு நாள் வைத்து, வடித்தெடுக்க வேண்டும். கொக்கோ விதையின் எடையிற் பாதியளவு கொழுப்பு என்பதால் சிறிதளவு விஸ்கியில் இறங்கியிருக்கும். வடித்ததை ஓர் இரவு உறைபெட்டியில் வைத்தால் விஸ்கி உறையாது, கொழுப்பு மட்டும் மேலே வெண்படலமாக நிற்கும். மெல்லிய துணியில் மீண்டும் வடித்தால் தெளிந்த, கருஞ்சிவப்பான விஸ்கி கிடைக்கும். இந்தக் கடைசி வடிப்பைச் சோம்பலில் விட்டுவிட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விதை கிடைக்காதவர்கள், சீனி சேர்க்காத கொக்கோத்தூள் ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் குழைத்துப் பாணியோடு கலந்து வடித்துக்கொள்ளலாம். தூளிற் கொழுப்பு குறைவு. ஆனால் மணமும் குறைவே.

விஸ்கியைப் பொறுத்தவரையில், புகைமணம் மிகுந்த ஸ்கொட்ச் இதற்குப் பொருந்தாது. கொக்கோவை அது அமுக்கிவிடும். உட்புறம் கரித்த புதிய ஓக் பீப்பாயில் வைக்கப்படுகின்ற போர்பனில் இயல்பாகவே ஒரு வெனிலா வாசம் இருப்பதால் அதுவே உத்தமம். ஹல்மில்ல மரப் பீப்பாயில் முதிர்ந்த தென்னஞ் சாராயத்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பெயர் விஸ்கி சவர் அல்லவாயினும் சுவையில் எனக்கு அதுவே ஒருபடி மேலாகத் தோன்றுகிறது.

கலக்கும்போது கொக்கோ விஸ்கி 45 மில்லிலீற்றருக்கு, அப்போதே பிழிந்த தேசிக்காய்ச் சாறு 20, கித்துல் பாணி 15, வெள்ளைக்கரு 20 என்று எடுப்பது என் வழக்கம். நம் தேசிக்காயின் புளிப்பு எலுமிச்சையை விடக் கூடியதாகப் படுவதால் சாற்றைக் குறைத்திருக்கிறேன். தோலின் கசப்பு இறங்குமளவுக்கு அழுத்திப் பிழியக்கூடாது. முதலில் ஐஸ் இல்லாமல் 15 வினாடி குலுக்கினால்தான் நுரை எழும்பும்; பிறகு ஐஸ்கட்டி நிறைத்து, ஷேக்கரின் வெளிப்புறம் வியர்க்கும் வரை குலுக்கி, தேயிலை வடியில் வடித்து ஊற்ற வேண்டும். நுரை படிந்தபின், கறுத்த சொக்லேட்டைச் சிறிது அதன்மேல் துருவிவிடலாம். உயிர்த்த ஞாயிறுக்குச் சொக்லேட் முட்டை வாங்குகின்ற வீடுகளில் அதற்கெனத் தனியே ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

பச்சை முட்டை பற்றியும் சொல்லியாக வேண்டும். நமது வெப்பத்தில் முட்டை விரைவிற் பழுதாகும். சல்மொனெல்லா கிருமியின் ஆபத்தும் உண்டு. முதியவர்களும் நோயுற்றவர்களும் வெள்ளைக்கரு இல்லாமலே குடிப்பது நல்லது. முட்டை உண்ணாத நண்பர்களுக்கு, உப்பிடாமற் கொண்டைக்கடலை அவித்த நீரைச் சற்று வற்றவைத்து 30 மில்லிலீற்றர் சேர்த்தால் அதே நுரை வரும். இந்த அளவிற் கலந்த ஒரு கிளாஸில் ஏறக்குறைய 14 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. சொக்லேட் மணம் அதை மறைத்துவிடுவதால், வாகனம் ஓட்டி வீடு திரும்ப வேண்டியவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

இனிமேல் இத்தகைய குறிப்பை வெளியிடுவதாயின், "சிறிது", "தேவையான அளவு" என்று விடாமல் மில்லிலீற்றரில் அளவு தருமாறும், வெளியிடுமுன் ஒருமுறை கலந்து பார்க்குமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தையும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடை செய்திருப்பதால், நான் எந்தத் தயாரிப்பின் பெயரையும் இங்கு குறிப்பிடவில்லை. தாங்களும் அவ்வாறே செய்தல் நன்று. மேலும், பௌர்ணமியை அடுத்து வருகின்ற ஞாயிறே உயிர்த்த ஞாயிறு என்பதால் போயா தினம் அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது. அன்று மதுபானக் கடைகள் மூடப்பட்டிருக்கும், புத்தாண்டு நாட்களிலும் அப்படியே. விஸ்கி வாங்கவும், ஒரு நாள் ஊறவும், ஓர் இரவு குளிரவும் வேண்டியிருப்பதால், அந்தக் குறிப்பு குருத்தோலை ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அச்சில் வந்தால்தான் வாசகர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹோட்டல் பார் ஊழியர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.