சீனக் கிராமத்துக்குப் போகும் பிள்ளைகளைச் சந்தைக்கும் அனுப்புங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்கள் ஜூன் விடுமுறையில் சீனக் கிராமங்களில் தங்கி மாண்டரின் பழகுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பெய்ஜிங், ஷாங்ஹாய் என்றே சுற்றிக்கொண்டிருந்த பள்ளிகள் கிராமப் பக்கம் திரும்பியிருப்பது நல்லதுதான். ஆசிரியையாக இருந்தபோது இப்படி ஒரு குழுவோடு தென்சீனாவின் குவாங்ஸிக்குப் போய் வந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கும் மாண்டரினை அந்த ஊர்ப் பாட்டிமார் பேசுவதில்லை. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்.

குவாங்ஸியின் குய்லின், யாங்ஷுவோ ஊர்கள் பக்கம் புழங்குவது தென்மேற்கு மாண்டரின் வழக்கு. மனப்பாடம் செய்துபோன நான்கு தொனிகளும் அங்கே வேறு மாதிரி ஏறி இறங்கும். ‘ஷ’, ‘ஸ’ இரண்டும் ஒன்றாகிவிடுவதால் ‘ஸி’ என்ற நான்கு எது, ‘ஷி’ என்ற பத்து எது என்று காது தடுமாறும். லோங்ஷெங் மலைக்குப் போனால் அதுவும் உதவாது. படிக்கட்டு வயல்களைப் பார்க்க எல்லாரும் ஏறுகிற பிங்ஆன் கிராமம் ஜுவாங் என்ற சிறுபான்மை இன மக்களுடையது. அவர்கள் பேச்சு தாய்லாந்து மொழிக்கு உறவு, சீனத்துக்கு அல்ல. சீன யுவான் நோட்டில் மங்கோலியம், திபெத்தியம், உய்குர் மொழிகளோடு ஜுவாங்கும் ரோமன் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. எங்கள் மாணவர்களின் பையில் இருந்த நோட்டிலும் அது இருந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. (இப்போது எதற்கெடுத்தாலும் கைப்பேசியில் பணம் கட்டுகிறார்கள். நோட்டை யார் பார்க்கிறார்கள்?)

யாங்ஷுவோவைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை சந்தை கூடும், ஊருக்கு ஊர் தேதி மாறும். அங்கே இஞ்சி விற்ற ஓர் அம்மாவிடம் எங்கள் மாணவி விலை கேட்டாள். பதில் பிடிபடவில்லை. அந்த அம்மா கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காட்டினார். இரண்டு விரல்தானே என்று இவள் இரண்டு யுவானை நீட்ட, அவர் சிரித்துவிட்டு அதே கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து ஆட்டினார். அது ஆறு! ஒற்றைக் கையிலேயே ஐந்துக்கு மேலும் எண்ணிக் காட்டுவது சீனர் வழக்கம். எட்டு என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். விலையும் கிலோவுக்கு இல்லை, ஜின்னுக்கு, அதாவது அரைக் கிலோவுக்கு. இதெல்லாம் எந்தப் பயிற்சித் தாளில் இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், சந்தையில் வாயைத் திறந்து பேசியவர்கள் உரையாடல் சீனம் மட்டுமே படித்த இந்திய, மலாய்ப் பிள்ளைகள். தப்பாகப் பேசினால்தான் என்ன, யார் கேட்கப்போகிறார்கள்? எங்கள் குழுவின் சீனப் பிள்ளைகளுக்குத்தான் நாக்கு எழவில்லை. உனக்குமா தெரியாது என்ற பார்வைக்கு அவர்கள் பயந்தார்கள்.

மலைக் கிராமத்தில் பெற்றோர் பலர் குவாங்டொங் ஆலைகளுக்கு வேலைக்குப் போய்விட, வீட்டில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான் இருந்தார்கள். பள்ளியில் பொதுமொழியான மாண்டரினில் படிக்கும் சிறுவன் ஒருவன் பாட்டி ஜுவாங்கில் சொன்னதைக் கேட்டு எங்களுக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னான். அவனோடு உட்கார்ந்து சோளம் உதிர்த்த மாலையில் எங்கள் பிள்ளைகள் பேசிய சீனம், வகுப்பில் ஒரு தவணை முழுக்கப் பேசியதைவிட அதிகம்.

ஆகவே பள்ளிகளுக்கு என் வேண்டுகோள்: பேனா பென்சில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் அந்த இரண்டு மணி நேரக் கிராமப் பள்ளி வருகையை விட்டுவிடுங்கள். அன்று அங்கே பாடம் நடப்பதில்லை என்பதுதான் மிச்சம். ஊர் ஊராக ஓடாமல் ஒரே ஊரில் சில இரவு தங்குங்கள். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கு இருபது யுவானும் இரவுச் சமையலுக்கான பட்டியலும் கொடுத்துச் சந்தைக்கு அனுப்புங்கள். பயண நிறுவனங்கள் தாமாகச் சந்தை நாள் பார்த்துத் திட்டம் போடுவதில்லை. ஆசிரியர்கள்தான் முன்பதிவுக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்