ஜன்னலுக்குள் நடமாடும் மனிதர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற ஆங்கில விண்வெளிப் படம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அதன் முடிவு யாருக்கும் முழுசாகப் பிடிபடாததால்தான் 1968ஆம் வருஷத்துப் படம் இன்னும் பேசப்படுகிறது என்கிறது. முடிவு புரியாத படங்கள் எத்தனையோ வந்தன, பெட்டிக்குள் போய் உறங்கிவிட்டன. இந்தப் படம் மட்டும் கிழடு தட்டாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம் வேலைப்பாடு. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு பத்திகூட இல்லை என்பதால் இந்தக் கடிதம்.

அந்த நாளில் தந்திரக் காட்சி என்றால் விண்கலத்தைத் தனியாகவும் நட்சத்திரங்களைத் தனியாகவும் எடுத்து, லேபில் ஆப்டிகல் பிரிண்டர் என்ற, சுருளிலிருந்து சுருளுக்கு நகலெடுக்கும் இயந்திரத்தில் வைத்து ஒன்றாக்குவார்கள். நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்க கிரெயின் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளி) கூடும், கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும், கலத்தின் ஓரத்தில் கோடு தெரியும். விண்வெளிப் படத்தில் கறுப்பு வெளுத்தால் அப்புறம் என்ன மிச்சம்? இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் முடிந்தவரை எல்லாவற்றையும் 65 மி.மீ. ஒரிஜினல் நெகட்டிவிலேயே, அதாவது கேமராவில் ஓடிய அதே சுருளிலேயே ஏற்றினார். மினியேச்சர் கலத்தை ஒருமுறை படமாக்குவது. சுருளைக் கழுவாமல் குளிரில் பத்திரப்படுத்துவது. மாதக்கணக்கில் கழித்து அதே சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, கலம் விழுந்த இடத்தை மாஸ்க்கால் மறைத்து நட்சத்திரங்களைப் பதிவது. அந்த மாஸ்க்கை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் வரைந்தார்கள். கழுவாத சுருளில் எதையும் பார்க்க முடியாது. கடைசிப் பதிவில் கை தவறினால் முதல் பதிவும் சேர்ந்தே போச்சு. அதனால் ஒரே காட்சிக்குப் பல டேக் எடுத்து, கழுவாமலே வைத்திருந்தார்கள்.

இதில் மிகச் சிக்கலானது கலங்களின் ஜன்னல். உள்ளே குட்டி குட்டியாக மனிதர்கள் நடமாடுவார்கள், கவனித்திருப்பீர்கள். முதல் ஓட்டத்தில் ஜன்னல்களைக் கறுப்பாக்கிவிட்டுக் கலத்தை மட்டும் எடுப்பார்கள். இரண்டாம் ஓட்டத்தில் கலம் முழுவதையும் கறுப்பு வெல்வெட்டால் மூடி, ஜன்னலில் வெள்ளை அட்டை பொருத்தி, நடிகர்களை முன்பே எடுத்த படத்தை அதன்மேல் ப்ரொஜெக்டரால் விழச்செய்வார்கள். இரண்டு ஓட்டத்திலும் கேமரா மயிரிழை பிசகாமல் ஒரே பாதையில் போகவேண்டும். கொஞ்சம் தப்பினாலும் மனிதர்கள் ஜன்னலைவிட்டு வழுக்கி வெளியே வந்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லாத காலம். வோர்ம் கியர் என்ற திருகுப் பற்சக்கரமும் ஒன்றோடொன்று பூட்டிய மோட்டார்களும்தான் துணை. படத்தின் முக்கியக் கலமான டிஸ்கவரியின் பெரிய மாடல் 54 அடி நீளம். அதன் முன்பக்கமும் வால்பக்கமும் ஒருசேரத் துல்லியமாகத் தெரிய லென்ஸ் துளையை நன்றாகக் குறுக்கவேண்டும்; வெளிச்சம் குறைவதால் ஒரு ஃப்ரேமுக்கே பல விநாடி பிடிக்கும். திரையில் சில விநாடி ஓடும் காட்சிக்குக் கேமரா மணிக்கணக்கில் நகர்ந்திருக்கிறது.

கட்டுரையில் ஒரு பிழை. டிஸ்கவரியின் சுழலும் அறையில், சுழற்சி தரும் விசையால், பூமிக்குச் சமமான ஈர்ப்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். செட்டின் விட்டம் 38 அடி, அதாவது ஆரம் 5.8 மீட்டர். அந்த ஆரத்தில் பூமியளவு ஈர்ப்பு வேண்டுமானால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் சுழலவேண்டும். உள்ளே இருப்பவருக்குத் தலை கிறுகிறுத்துவிடும். இதே கதையின் நாவலில் எழுத்தாளர் கிளார்க் நிலவின் ஈர்ப்பைத்தான் சொல்கிறார். அதற்கு நிமிடத்துக்கு ஐந்து சுற்றுப் போதும். நிஜ செட்டோ சுமார் 30 டன் எடை. மணிக்கு மூன்று மைலுக்கு மேல் ஓடாது. ஒரு சுற்றுக்கே 27 விநாடி. அது போதுமானதாகவும் இருந்தது, ஏனென்றால் நடிகர் எப்போதும் செட்டின் அடிப்பகுதியிலேயே இருந்தார், அறைதான் அவரைச் சுற்றிவந்தது. ஒருவர் ஏணியில் இறங்கி நடந்துபோய் மேஜையில் சாப்பிடுபவரை அடைகிறாரே, அந்தக் காட்சியின் தொடக்கத்தில் சாப்பிடுபவர் நாற்காலியோடு கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குகிறார். இவர் நடக்க நடக்க அவர் கீழே வந்து சேர்கிறார். தட்டிலிருந்த உணவுக்கும் பசைதான்.

படத்தின் தொடக்கத்தில் வரும் ஆதிமனிதர் பகுதி ஏறக்குறைய முழுக்க லண்டன் அருகே ஸ்டுடியோவுக்குள் எடுத்தது. ஆப்பிரிக்க நிலக்காட்சிகள் 8க்கு 10 அங்குல ஸ்டில் படங்கள். 45 டிகிரி சாய்த்த, பாதி ரசம் பூசிய கண்ணாடி வழியாக அவற்றைப் பின்னால் உள்ள ஸ்காட்ச்லைட் திரைமேல் வீசினார்கள். நெடுஞ்சாலைப் பலகைகள் இரவில் பளிச்சிடுமே, அதே சரக்கு. விழுந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். ப்ரொஜெக்டரும் கேமராவும் ஒரே கோட்டில் பார்ப்பதால் நடிகரின் நிழல் அவர் உடம்புக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். அதே கோணத்தால்தான் சிறுத்தையின் கண்கள் விளக்குப்போல எரிகின்றன. திட்டமிட்டதல்ல, விபத்தாக அமைந்த அழகு. இந்த முறைக்கும் குறை உண்டு. அங்கே மேகம் நகரவே நகராது. திரைத்துணி சுருளுக்குச் சுருள் பளபளப்பு மாறியதால், ஒட்டு தெரியாமலிருக்கத் துண்டுதுண்டாகக் கிழித்து ஒட்டினார்கள். இன்றைய பெரிய டிவியில் வானத்தில் அந்தத் திட்டுகள் தெரிகின்றன.

தவறே இல்லாத படம் என்று சொல்லவில்லை. நிலவுக்குப் போகும் வழியில் விஞ்ஞானி ஃப்ளாய்ட் உறிஞ்சுவதை நிறுத்தியதும் ஸ்ட்ராவிலிருக்கும் உணவு கீழே இறங்குகிறது. எடையற்ற இடத்தில் அது இறங்க வேலையே இல்லை. நிலவின் மலைகள் கத்திமுனையாக நிற்கின்றன, நிஜத்தில் அவை மழுங்கியவை. ஹெல்மெட் இல்லாமல் வெற்றிடத்துக்குள் பாயும் விண்வெளி வீரர் போமன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். வெளியே விட்டிருக்கவேண்டும், இல்லையென்றால் நுரையீரல் கிழியும். ஆனால் அதே காட்சியில் கதவு வெடித்துத் திறக்கும்போது சத்தம் வராது. காற்று உள்ளே நிரம்பிய பிறகுதான் இரைச்சல் கேட்கும். அந்தச் சில விநாடி மௌனத்துக்காக ஸ்ட்ராவை மன்னித்துவிடலாம்.

இன்னொரு சின்னத் திருத்தம். ஆர்தர் சி. கிளார்க் அமெரிக்கர் அல்ல. இங்கிலாந்தில் பிறந்தவர், 1956 முதல் இலங்கைவாசி, 2008இல் கொழும்பிலேயே காலமானார்.

கட்டுரையைப் படித்துவிட்டுப் படம் பார்க்க உட்காரும் இளையவர்களுக்குச் சில வார்த்தை. போன் வேண்டாம், ஜன்னல் மனிதர்கள் தெரியமாட்டார்கள். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இரவு நேரத்துக்கென்று ஒலியைச் சமன்செய்யும் வசதி இருந்தால் அதையும்; மூச்சுச் சத்தமும் இசையும் ஒரே உயரத்தில் கேட்டால் படத்தில் பாதி போய்விடும். முதல் வசனம் வர ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். அதற்கும் முன்னால், தொடக்கத்தில் சுமார் மூன்று நிமிடம் திரை வெறும் கறுப்பாக இருக்கும், இசையமைப்பாளர் லிகெட்டியின் இசை மட்டும் ஓடும். டிவி பழுதில்லை, ரிமோட்டைத் தேடவேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி