லாகோஸில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள சரவணனுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது பின்னால் ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விக்டோரியா ஐலண்ட் குடியிருப்பில் இருப்பது பெரிய டீசல் செட். வளாகத்தின் கோடியில் ஓடும் அதன் சத்தம் போனில் கேட்டதே இல்லை. இது சின்ன பெட்ரோல் செட், அதுவும் ஜன்னலை ஒட்டி. மின்வாரியத்தில் வேலை பார்த்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதைப் பால்கனியில் வைக்காதே. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்களை அப்படியே கொண்டுபோய்விடும். 20 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

2023 ஜூனுக்கு முன் டாலருக்கு 500க்குள் இருந்த நைஜீரியப் பணமான நைரா, மறு வருடமே 1,500ஐத் தாண்டியதைப் படித்தபோது, கம்பெனிகள் முதலில் எதில் கை வைக்கும் என்று யோசித்தேன். இந்த வயதில் ஒரு தொழிற்சாலையையே கட்டி மேய்க்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பெரிய மாமாவிடம் பேசுவதை என்னிடமும் பேசலாம்.

வீடு மாற நேர்ந்தால், நேர்ந்தால் என்றுதான் சொல்கிறேன், அங்கே வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்பார்கள். ஏஜெண்ட் கமிஷனும் வக்கீல் கட்டணமும் தனி. புதிதாக வருகிறவரிடம் ஒரு வருடத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது லாகோஸ் மாநிலத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு வருடம் கேட்டால் இதைச் சொல். ‘ஏ’ பிரிவு லைனா என்று விசாரி. நாளைக்கு 20 மணி நேரம் மின்சாரம் தர வேண்டிய அந்தப் பிரிவுக்கு, 2024 ஏப்ரலில் யூனிட்டை 68 நைராவிலிருந்து 225க்கு ஏற்றினார்கள். அப்படியும் பெட்ரோல் ஊற்றுவதைவிட மலிவு, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆழ்துளைத் தண்ணீரைச் சோதிக்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். காய்ச்சல் என்றால் அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பார்த்துவிட வேண்டும். இலுபேஜு பக்கம் என்றால் இந்தியப் பள்ளிக்கூடம் அருகிலேயே இருப்பதால், பிள்ளை காலையில் அந்த நீளப் பாலத்தின் நெரிசலில் தூங்கிவழிய வேண்டாம். அந்த வகையில் நல்லதுதான்.

ஜெனரேட்டரை இரவில் நிறுத்திவிட்டுப் படுங்கள். புழுக்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

கூட்டுறவு வங்கியில் போட்ட டெபாசிட் அடுத்த மாதம் முதிர்கிறது. எனக்கு இப்போது செலவு ஒன்றும் இல்லை. புதுப்பிப்பதா, உன் கணக்குக்கு மாற்றுவதா என்று பத்தாம் தேதிக்குள் எழுது.

அன்புடன்,
அப்பா