குடிலுக்கு வந்த செட்டியார் பொம்மை

அன்புள்ள அண்ணிக்கு,

மஞ்சக்குப்பத்திலிருந்து பிள்ளைகள் இருவரையும் அரையாண்டு விடுமுறைக்குப் புதுச்சேரிக்கு அனுப்பும் முன், "இங்கே கொலு வைக்கிறோம், அங்கே கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுகிறீர்கள், இரண்டையும் பார்த்துக் குழம்பிவிட மாட்டார்களா?" என்று கேட்டீர்கள். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். நம்மைப் போலக் கலந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் பல இருப்பதால், உங்கள் சம்மதத்தோடு பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு குழப்பியது நான்தான். சின்னவள் கேட்டபோது, கிறிஸ்துமஸ் என்றால் பொங்கல் மாதிரி என்று எளிதாகச் சொல்லி வைத்தேன். "அப்படியென்றால் மாட்டுப் பொங்கல் என்றைக்கு?" என்றாள். நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே, குடிலுக்குள் படுத்திருந்த மாட்டைத் தொட்டுக் காட்டி, "இதுக்குத்தானே?" என்று தானே முடித்துக்கொண்டாள்.

எனவே இம்முறை எதையும் எதற்கும் ஒப்பிடாமல், உள்ளதை உள்ளபடி சொன்னேன். லூக்கா நற்செய்தியில் குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தியதாக மட்டுமே இருக்கிறது, மாடும் கழுதையும் அதில் இல்லை; 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார் என்று சொன்னதும், பெரியவனுக்கு ஏதோ ரகசியம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி. எது வேதத்தில் உள்ளது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்று ஒரு நாள் முழுக்க எல்லோரையும் கேட்டுத் துளைத்துவிட்டான்.

வண்டிப்பாளையத்தில் நீங்கள் வாங்கிய செட்டியார் பொம்மையை, அரிசி பருப்புக் கடையோடு அவன் பையில் வைத்துக் கொண்டுவந்தது உங்களுக்குத் தெரியுமா? பழுப்புத் தாளைக் கசக்கிச் செய்த மலைக்குக் கீழே அவரை உட்கார வைத்தபோது, "குடிலில் செட்டியாரா?" என்று அம்மா முகம் சுளித்தார்கள். தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் குடிலைச் சுற்றி ரொட்டி சுடுபவர், மீன்காரி, சாணை பிடிப்பவர் என ஊரே களிமண் பொம்மைகளாக நிற்பதையும், மார்செய் நகரில் 1803 முதல் அந்தப் பொம்மைகளுக்கென்றே சந்தை கூடுவதையும் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை; சற்று நேரம் கழித்து, செட்டியாரின் கடை முன்னால் கொஞ்சம் வைக்கோலைத் தூவிவிட்டுப் போனார்கள்.

ஓரிடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. குழந்தை ஏசுவின் சுரூபம் வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றப்பட்டு அலமாரியில்தான் இருந்தது. "கொலுவில் எல்லாரும் முதல் நாளே வந்துவிடுவார்கள், இங்கே முக்கியமானவரே வரவில்லையே" என்று சின்னவள் நச்சரித்தாள். கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் காத்திருப்பதும் இந்தத் திருவிழாவில் சேர்த்திதான் என்றேன். 24ஆம் தேதி இரவு சம்பா கோயில் பேராலயத்தில் பூசை முடிந்து வீடு திரும்பியபோது, பாதித் தூக்கத்தில் இருந்தவள் அந்தக் கைக்குட்டையைப் பிரித்த நிதானத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

குழந்தை ஏசுவைக் காண ஞானிகள் வந்ததை நினைவுகூரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் (ஜனவரி 6) பள்ளி திறந்துவிடும் என்பதால், பிரெஞ்சு வீடுகளில் அன்று வெட்டும் கேக்கை முன்கூட்டியே ரவையில் செய்தோம். உள்ளே ஒரு மொச்சைக்கொட்டை; அது யார் துண்டில் கிடைக்கிறதோ அவருக்குத்தான் அன்றைய கிரீடம். வழக்கப்படி கடைக்குட்டி மேசைக்கடியில் உட்கார்ந்து எந்தத் துண்டு யாருக்கு என்று கூவ, மொச்சை அம்மாவின் பல்லில் அகப்பட்டது. காகிதக் கிரீடத்தோடு அவர்கள் இரவு வரை வளைய வந்தார்கள்.

செட்டியாரை இங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜனவரி 6 வரை குடிலில் இருக்கட்டும்; அண்ணன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்