ஆண்டறிக்கை: நீருக்கடியில் போட்டி கூடுமா என்பது உட்பட

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், இனிமேல் வரப்போகிறவர்களுக்கும் வணக்கம். நம் முக்குளிப்போர் சங்கத்தின் சென்ற ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. புதியவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி நடந்தது. ஆக்சிஜன் கொடுப்பது உள்ளிட்ட முதலுதவிப் பயிற்சியும் நடந்தது, வந்தவர்கள் பயனடைந்தார்கள். சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரஸருக்கு வடிகட்டி மாற்றப்பட்டது. அழுத்தச் சோதனைக்குக் கெடு நெருங்கிய சிலிண்டர்கள் அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தன. கடலடிக் குப்பை அள்ளும் நாள் வழக்கம்போல் நடந்தது. புகைப்படப் போட்டியும் நடந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி, ஆண்டு முழுவதும் பேசப்பட்ட விஷயம். காற்றுச் சிலிண்டரைச் சுமந்து முக்குளிக்கும் ஸ்கூபாவைப் போட்டி விளையாட்டாக நடத்தலாமா? நீச்சல்குளத்தில் ஒரு போட்டி வைப்போம் என்று கடந்த பொதுக்குழுவில் நான் முன்மொழிந்தபோது எழுந்த சத்தத்தை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் முழுமையாகப் பதிய முடியவில்லை. "டைவிங் மனசுக்கு அமைதி தருவது, அதில் என்ன பந்தயம்?" என்றார்கள் சிலர். "அடியில் போட்டி என்றால் ஆள் சாவான்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். முதல் ஆட்சேபத்தை விட்டுவிடலாம். இரண்டாவதை அப்படி விட முடியாது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த அறிக்கை இவ்வளவு நீண்டுவிட்டது.

இது என் மூளையில் உதித்த விபரீதம் அல்ல. 1959-இல் மொனாக்கோவில் தொடங்கப்பட்டு, கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவை முதல் தலைவராகக் கொண்ட, முக்குளிப்போரின் உலகக் கூட்டமைப்பான சி.எம்.ஏ.எஸ். சிலிண்டரோடு போட்டிகள் நடத்தித்தான் வருகிறது. காலில் துடுப்பு மாட்டி நீந்தும் துடுப்பு நீச்சலில் சிலிண்டரை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நீருக்கடியில் 100, 400 மீட்டர் பாய்கிறார்கள். நீரடித் திசையறிதலில் திசைகாட்டியையும் தூரமானியையும் நம்பி, கலங்கிய ஏரியில் குறிகளைத் தேடிப் போகிறார்கள். ஸ்போர்ட் டைவிங் என்றே ஒரு பிரிவு இருக்கிறது. அது நீச்சல்குளத்தில் நடப்பது. தடைகளைக் கடப்பதும், 6 கிலோ எடையைக் காற்றுப் பையால் கிளப்பிக் கொண்டுபோவதும் அதில் உண்டு. ஆகவே 'கூடுமா' என்ற கேள்வி தீர்ந்துபோனது. எதற்குப் புள்ளி கொடுப்பது என்பதுதான் மிச்சம்.

அதில்தான் எல்லாம் இருக்கிறது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூச்சடக்கி நீருக்கடியில் நீந்தும் போட்டி இருந்தது. கடந்த ஒவ்வொரு மீட்டருக்கும் 2 புள்ளி, அடியில் இருந்த ஒவ்வொரு வினாடிக்கும் 1 புள்ளி. டென்மார்க் வீரர் பேடர் லிக்கபெர்க் ஒன்றரை நிமிடம் அடியிலேயே இருந்தார். ஆனால் வட்டமடித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு 28.5 மீட்டர்தான் கணக்கில் வந்தது, மூன்றாம் இடம். 60 மீட்டர் போன பிரான்ஸ்காரர் ஷார்ல் த வாந்தவீல் முதலிடம். அந்தப் போட்டி அதோடு சரி, ஒலிம்பிக்குக்கு மறுபடி வரவேயில்லை. கரையில் நின்றவர்கள் குமிழியையும் கடிகாரத்தையும் தவிர வேறெதைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நம் போட்டிக்கு விதி எழுதும்போது முதலில் ஆழத்தைப் பட்டியலிலிருந்து அடித்தேன். தென்னாப்பிரிக்க முக்குளிப்பாளர் நூனோ கோமஸ் 2005-இல் செங்கடலில் 318.25 மீட்டர் இறங்கினார். இறங்கக் கால் மணி நேரம். மேலே வரப் பன்னிரண்டு மணி நேரம். உடலில் கரைந்த வாயு வெளியேறும் வரை காத்திருந்தே ஏற வேண்டும், யாராலும் அதை அவசரப்படுத்த முடியாது. அதைச் சாதனை என்று சொல்லலாம், விளையாட்டாக்க முடியாது. முந்தி ஏறியவருக்குப் பரிசு என்று எழுதினால், நம் மூத்த உறுப்பினர் சொன்னது அப்படியே நடக்கும்.

அடுத்து, மீதமிருக்கும் காற்று. பலரும் எனக்குத் தந்த யோசனை இதுதான். காற்றுமானியைப் பார்த்தால் போதும், நடுவரே வேண்டாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிச்சத்துக்குப் பரிசு என்றால் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள். கரியமில வாயு சேரும், தலைவலி வரும், மயங்கவும் கூடும். அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், ஆளளவு ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியலாம். போதாததற்குச் சின்ன உடம்புக்காரர் எதுவும் செய்யாமலே ஜெயிப்பார். அதையும் அடித்தேன்.

மிஞ்சியது நாம் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே கைப்பழக்கம்: தொங்கும் வளையங்களை உரசாமல் கடப்பது, மாஸ்க்கைக் கழற்றி மாட்டி நீரை வெளியேற்றுவது, கறுப்புத் தாள் ஒட்டிய மாஸ்க்கோடு கயிற்றைத் தடவிப் போவது, ஜோடிக்குக் காற்றுக் கொடுத்தபடி ஒரு சுற்று வருவது. வளையத்தில் உரசினால் நேரத்தில் அபராதம். குமிழி நின்றால் உடனே வெளியே. அடியில் கேமரா, கரையில் திரை.

போட்டி நடந்தது. ஆள் சாகவில்லை, காதுவலிகூட யாருக்கும் இல்லை. வேகமாகப் போன இளைஞர்கள் எல்லா வளையத்திலும் முட்டி, மூச்சு வாங்கி, அபராதத்தில் பின்தங்கினார்கள். ஜெயித்தவர் நம் சங்கத்திலேயே நிதானமாக நீந்தும் அக்கா. கரையில் இருந்த பிள்ளைகள் திரையைப் பார்த்துக் கத்தியதை வந்தவர்கள் கேட்டார்கள்.

வந்தவர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நீரடி நடுவர்களாக வருகிறோம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் பாதிக்கு மேல் வரவில்லை. ஒருவருக்குக் காது அடைப்பாம். காது அடைத்தால் இறங்கக் கூடாதுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று மாலையே அவர் எடுத்த கடலடிப் படங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தன. நல்ல படங்கள்.

படம் என்றதும் புகைப்படப் போட்டி நினைவுக்கு வருகிறது. டைவிங்கில் போட்டி மனப்பான்மையே ஆகாது என்று பேசியவர்கள் பெரும்பாலும் அதில் கலந்துகொண்டவர்கள். முடிவு வந்தபின் "எனக்கு இரண்டாம் இடம் ஏன்?" என்று கேட்டு அவர்கள் எழுதிய கடிதங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு படத்துக்காகப் பவளப்பாறையில் முட்டி ஊன்றிப் படுப்பதைவிடக் குளத்தில் வளையம் கடப்பது கடலுக்கு நல்லது என்பது என் கருத்து. இது செயற்குழுவின் கருத்தல்ல என்று பதியச் சொன்னார்கள், பதிந்துவிட்டேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடி. இடைவெளியை முந்தைய இருப்பு தாங்கியது. இன்னொரு முறை தாங்குமா என்று தெரியவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் நீளமானது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பாக்கி இருந்தும் சங்கத்துச் சிலிண்டரில் காற்று நிரப்பிக்கொள்பவர்களுக்குத் தெரியும்.

குளம் தந்தவர்களுக்கும், கேமரா இரவல் தந்தவருக்கும், காப்பு முக்குளிப்பாளர்களாக நின்றவர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பக்கத்துச் சங்கங்களையும் அழைத்து இதே போட்டியைப் பெரிதாக நடத்த எனக்கு எண்ணம் உண்டு. செயலாளராகத்தான் நடத்துவேன் என்பதில்லை. இந்தப் பொறுப்புக்கு வேறு யாராவது வந்தால் சாவியையும் குறிப்பேட்டையும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். மனுப் படிவம் என்னிடம் இருக்கிறது, இதுவரை யாரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. சங்கத்தில் எந்தப் போட்டியும் நடத்தக் கூடாது என்ற தீர்மானம் சில உறுப்பினர்களின் கையெழுத்தோடு வந்திருக்கிறது. இன்றே வாக்கெடுப்புக்கு விடப்படும். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்ற விதியை நினைவூட்ட வேண்டியது என் கடமை. கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அந்தப் பட்டியலிலும் இருக்கிறார்கள். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். வாக்கெடுப்பு தேநீர் இடைவேளைக்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
செயலாளர்