காதின் மறுபாதி: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு அதிகாரிகளுக்கும், மூத்தோருக்கான துடிப்பாக மூப்படையும் நிலையங்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

தொண்டூழியராக நான் கண்டவரை, நம் நிலையங்களில் சமநிலைப் பயிற்சி என்பது மூத்தோர் விழாமல் இருப்பதற்கு மட்டுமே. நினைவாற்றல் வகுப்போ வேறோர் அறையில், நாற்காலியில் அமர்ந்தபடி, எண் புதிர்களோடும் பட அட்டைகளோடும் நடக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியின் சமநிலை உறுப்பான மூன்று அரைவட்டக் கால்வாய்களும் அவற்றை ஒட்டிய இரு சிறு பைகளும் தலையின் ஒவ்வோர் அசைவையும் மூளைக்கு அறிவிக்கின்றன. அச்செய்தி கண்ணையும் காலையும் ஒழுங்குபடுத்துவதோடு நின்றுவிடாமல், இடமும் வழியும் நினைவில் பதிவாகும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியையும் எட்டுகிறது. இரு காதுகளிலும் சமநிலை உணர்வை இழந்தவர்களை ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்ட் குழுவினர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவின்படி, அப்பகுதி ஏறத்தாழ 17 விழுக்காடு சுருங்கியிருந்தது. உடலை அசைக்கத் தேவையில்லாத கணினிச் சோதனையிலும் அவர்கள் வழி கண்டுபிடிக்கத் தடுமாறினர்.

அது சிறிய ஆய்வு. சமநிலை உறுப்பைத் தூண்டினால் முதுமை மறதி தடைபடும் என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. காதின் பின்னெலும்பில் மின்முனை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் முறையும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. ஆகவே கருவி வாங்கச் சொல்லி நான் எழுதவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டே நடப்பது, சுவரில் ஒட்டிய எழுத்தின்மேல் கண்ணை நிறுத்தித் தலையை மட்டும் அசைப்பது போன்ற பயிற்சிகளுக்குச் செலவு சொற்பம். இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் போதும். நம் பாட்டிமார் நன்கறிந்த கோலாட்டத்தில் சுழற்சி, திரும்புதல், தாளம், எதிரே ஆடுபவரின் இடத்தை நினைவில் வைத்தல் எல்லாமே உண்டு. அதைத் தீபாவளி நிகழ்ச்சிக்கு மட்டும் ஒதுக்கி வைப்பானேன்?

நம் சமூகத்தில் தலைசுற்றலைப் பித்தம் என்றோ இரத்த அழுத்தம் என்றோ விட்டுவிடும் வழக்கம் வலுவாக உள்ளது. உட்செவியின் நுண்படிகங்கள் இடம்பெயர்வதால் வரும் தலைசுற்றலை, தேர்ந்தவர் தலையைச் சில நிலைகளில் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அதை அறியாத மூத்தோர் பயந்து தலையை அசைக்காமலும் வெளியே போகாமலும் இருந்துவிடுகிறார்கள். உடலியக்கமும் குறைகிறது, நாலு பேரோடு பேசுவதும் குறைகிறது, இரண்டுமே மூளைக்கு நல்லதல்ல.

60 வயதைக் கடந்தோரின் கண், காது, வாய் ஆகியவற்றைப் பரிசோதிக்கும் ‘புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்’ திட்டத்தில், கேட்கும் திறனைச் சோதித்துவிட்டு அதே காதின் மறுபாதியான சமநிலை உறுப்பை விட்டுவிடுகிறோம். தகுந்த பாதுகாப்போடு, மென்பஞ்சுத் திண்டின்மேல் கண்மூடிச் சற்று நேரம் நிற்கச் செய்யும் எளிய சோதனையை அதில் சேர்க்கவும், தடுமாறுவோரைச் சமநிலைச் சிகிச்சைக்கு அனுப்பவும், அதற்கான விளக்கத்தைத் தமிழிலும் வழங்கவும் வேண்டுகிறேன். முதலில் சில நிலையங்களில் மட்டும் தொடங்கி, பங்கேற்போரின் நடையையும் நினைவாற்றலையும் ஓராண்டு அளந்து பார்த்த பிறகு விரிவுபடுத்துவதா என்று முடிவுசெய்யலாம்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டாரத் தொண்டூழியர் ஒருவர்